பிள்ளைக்காம்பராவும் படித்த கைகளும்

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு 'பிள்ளைக்காம்பரா' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் போகும் பெண்கள், காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறைதான் அது. மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தில் அது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. குறுக்கே ஓடிய மரச் சட்டங்களில் பழைய சேலைத் துணியால் கட்டிய தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அறை நடுவே ஓர் ஆயா உட்கார்ந்திருப்பார். முதுமையால் கொழுந்துக் கூடையைச் சுமக்க இயலாமற் போனவர். அந்த வேலைக்கு அவரிடம் இருந்த தகுதி அது ஒன்றுதான்.

அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே நேரத்தில் ஐந்தாறு தொட்டில்களை ஒரு கயிற்றால் பிணைத்து, அந்தக் கயிற்றின் நுனியைத் தன் காற்பெருவிரலில் சுற்றிக்கொண்டு ஆட்டத் தெரிந்திருந்தது. எந்தக் குழந்தை பசியால் அழுகிறது, எது காய்ச்சலால் அழுகிறது என்பதும் தெரிந்திருந்தது. பின்னாளில் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, குழந்தை உளவியல் பற்றிய நூலொன்றில் அழுகையின் வகைகள் என்ற பகுதியைப் படித்துவிட்டு அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். இதைச் சொல்வதால் ஆயாவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அதே அறையில் வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளும் இருந்தன. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களோடு பேசுவதற்கு எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்த அறையில் இருக்க வேண்டியவர் யார், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முனைகிறேன். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை. முடிந்துவிட்ட கதை என்றும் சொல்ல முடியாது.

மாத்தளைக்கும் இந்திய வம்சாவளித் தமிழருக்கும் உள்ள தொடர்பு கோப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். மலைநாட்டின் வாசல் அவர்களுக்கு இந்த நகரம்தான். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் மாண்டவர்கள் ஏராளம். அந்த நடைப்பயணத்தில் இடுப்பிலும் தோளிலும் குழந்தைகளும் வந்தன. 1880 இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. தேயிலை, கோப்பியைப் போலப் பருவத்துக்கு மட்டும் ஆட்களைக் கேட்பதன்று. வருடம் முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வேண்டுமென்றால் அவர்களுடைய குழந்தைகளை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்காம்பரா குழந்தையின் நன்மைக்காகத் தோன்றியது என்று நம்புவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு வேறு விதமாக இருந்தது: தாயின் இரு கைகளும் விடுபட்டால்தான் கூடை நிறையும்.

சட்டங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்துரை வகை செய்ய வேண்டும் என்றது. 1939 இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளப் பெண்ணுக்குச் சம்பளத்துடன் சில வார ஓய்வு தந்தது. பிறந்த சில வாரங்கள் ஒரு சட்டத்தில். ஆறு வயதுக்கு மேல் இன்னொரு சட்டத்தில். நடுவே கிடந்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகளைக் கல்வி என்று எவரும் கருதவில்லை. அந்த ஆண்டுகளில் குழந்தை வைத்திருக்கப்பட்டது, அவ்வளவே.

1907 என்று எழுதும்போது எனக்கு இன்னொரு நகரமும் நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மருத்துவர் மரியா மொண்டிசோரி தமது முதலாவது 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அதன் பின்னணி பலருக்குத் தெரியாது. அந்த அடுக்குமாடிகளில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, தனித்து விடப்பட்ட குழந்தைகள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். கட்டட உரிமையாளர்களின் கவலை சுவர்களைப் பற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து வைக்க ஆள் தேடினார்கள். அதாவது அவர்கள் கேட்டது ஒரு பிள்ளைக்காம்பராவைத்தான். மொண்டிசோரி அங்கே முதன்முதலாக வேலைக்கு அமர்த்திய பெண்ணும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். கட்டடக் காவலாளியின் மகள் என்று சொல்லப்படுகிறது. நம்முடைய ஆயாவின் உரோமாபுரிச் சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறுபாடு எங்கே ஏற்பட்டது? மொண்டிசோரி அந்த அறையில் உட்கார்ந்து கவனித்தார், குறித்துக்கொண்டார், கருவிகளை மாற்றினார். தாம் கண்டதை மற்றவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் டெப்ட்போர்ட் என்ற ஏழைப் பகுதியில் மார்கரெட் மக்மில்லனும் அவருடைய சகோதரி ரேச்சலும் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை நடத்தினார்கள். சிறு குழந்தைக்குக் கற்பிப்பவருக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று மார்கரெட் பிடிவாதமாக நின்றார். 1930 இல் ரேச்சலின் பெயரால் ஒரு பயிற்சிக் கல்லூரியே எழுந்தது. பிள்ளை பார்ப்பது ஒரு துறை, அதைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைபெற்றது.

மொண்டிசோரி நம் பக்கமும் வந்தார். 1939 இல் ஜோர்ஜ் அருண்டேல், ருக்மிணிதேவி தம்பதியரின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளவில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுப் பிரசையானார். மகன் மரியோவைப் பிரித்தானியர் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, 1940 ஓகஸ்டில், மகனை விடுவித்தார்கள். பின்னர் கொடைக்கானலில் சில ஆண்டுகள். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்.

அதன் பலன் இன்றும் நம் வாயில் இருக்கிறது. இலங்கைத் தமிழரும் சிங்களவரும் எந்த முன்பள்ளியையும் 'மொண்டிசோரி' என்றே சொல்கிறோம். 'மகள் மொண்டிசோரிக்குப் போகிறாள்' என்று சொல்லும் தாய்மாரில் நூற்றுக்கு ஒருவருக்காவது அது ஓர் அம்மையாரின் பெயர் என்று தெரியுமோ என்னவோ! ஆனால் அந்தப் பெயர் நகரத்தோடு நின்றுவிட்டது. கொழும்பிலும் கண்டியிலும் நடுத்தர வர்க்கத்தின் வீட்டு முற்றங்களில் மொண்டிசோரிகள் தோன்றின. மலையேறி லயத்துக்கு வரவில்லை. ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகப் பிறந்த ஒரு முறை, இங்கே கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் சொத்தாக மாறியது.

அதே காலத்தில்தான் கன்னங்கரா அவர்களின் விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 1948 இல் குடியுரிமையும் போனது. நாட்டின் பிரசைகள் அல்லர் என்று சொல்லப்பட்டவர்களின் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியை வேண்டும் என்று எந்த அமைச்சரவையில் யார் கேட்டிருப்பார்கள்?

எழுபதுகளுக்கு வருகிறேன். 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. மாத்தளைப் பக்கத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1973, 74 பஞ்ச காலத்தில் மலையகம் முழுவதும் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தோட்டத்துறையின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அப்போது எனக்கு நான்கு வயது. நினைவில் இருப்பது மிகச் சில: மரவள்ளிக் கிழங்கின் மணம், பிள்ளைக்காம்பராவில் சில தொட்டில்கள் அவிழ்க்கப்பட்டுக் கிடந்தது. அவை ஏன் அவிழ்க்கப்பட்டன என்று கேட்டறியும் வயது எனக்கு வந்தபோது அம்மா அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

1977 இலும் 1981 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. இந்த இடத்தில் காந்தீயம் இயக்கத்தைப் பற்றிச் சொல்லாமற் போவது அநீதி. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த அமைப்பு, அகதிகளாக வந்த மலையகத் தமிழரைக் குடியேற்றியதோடு நில்லாமல், ஊர் ஊராக முன்பள்ளிகளை நடத்தியது. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. அதற்கென்று இளம் பெண்களைத் திரட்டி முன்பள்ளி ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தது. லயத்தில் பிறந்த குழந்தைகள் பலர் பயிற்றப்பட்ட ஓர் ஆசிரியையை முதன்முதலாகக் கண்டது, தாம் பிறந்த மலையில் அல்ல, வன்னியின் ஓலைக் கொட்டிலில்தான். மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலை 27 ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் படுகொலை செய்யப்பட்டார். அந்தப் பால்வாடிப் பெண்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பது எவராவது எழுத வேண்டிய தனி வரலாறு.

அரசின் பக்கத்தில், சர்வதேச சிறுவர் ஆண்டான 1979 இல் சிறுவர் செயலகம் உருவானது. சர்வோதயம் அதற்கு முன்னரே கிராமங்களில் முன்பள்ளிகளைத் தொடங்கியிருந்தது. எண்பதுகளில் வெளிநாட்டு உதவியுடன் தோட்டங்களில் சமூக நலத்திட்டங்கள் வந்தபோது, பிள்ளைக்காம்பராவும் கண்ணில் பட்டது. பழைய ஆயாக்கள் படிப்படியாக விலக, சாதாரண தரம் வரை படித்த தோட்டத்து யுவதிகள் குறுகிய காலப் பயிற்சியோடு வந்தார்கள். 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய பின், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படும் அமைப்பு இந்தப் பொறுப்பை ஏற்றது. பெயர்களும் மாறின. பிள்ளைக்காம்பரா 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆனது. ஆயா 'சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்' ஆனார். டிப்ளோமாப் பயிற்சியும் வந்தது. 2015 இல் உலக வங்கி ஐந்து கோடி டொலர் கடனுதவியுடன் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டமொன்றை இலங்கைக்கு அங்கீகரித்தபோது தோட்டங்களும் அதில் சேர்க்கப்பட்டன. புதிய கட்டடங்கள் எழுந்தன. சுவர்களில் யானையும் முயலும் வரையப்பட்டன.

ஆனால் கட்டடம் வேறு, அதற்குள் இருப்பவரின் படிப்பு வேறு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் மட்டும் 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை என்று சொல்லலாம். உயரம் குன்றினால் உயரம் மட்டுமா குன்றுகிறது? யமேக்காவில் 1980களின் பிற்பகுதியில் சலி கிரந்தம் மக்கிரகர் என்ற மருத்துவர் தம் சகாக்களுடன் இதை ஆராய்ந்தார். கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் உயரம் குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சத்துணவு. இன்னொரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண் ஒருவர் சென்று, கையால் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். மற்றும் சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டையும் பேச்சையும் பெற்றவர்கள் பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு நம்முடைய திரிபோஷப் பொதிகள்தான் நினைவுக்கு வந்தன. 1973 முதல் நாம் பொதி கொடுத்து வருகிறோம். கொடுக்கத்தான் வேண்டும். பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு. ஆனால் அந்தப் பொதியைக் கொடுக்கும் கை குழந்தையோடு இரண்டு வார்த்தை பேசவும் கற்றிருக்க வேண்டும் என்பதை நாம் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பட்டப்படிப்பு அளவில் பார்த்தால் நிலைமை என்ன? அமெரிக்காவில் 1965 இல் ஏழைக் குழந்தைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' திட்டம் தொடங்கியதும், அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களை உருவாக்குவது யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. மறு ஆண்டே சிக்காகோவில் பார்பரா போமன் உள்ளிட்டோர் எரிக்சன் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். குழந்தை வளர்ச்சியில் பட்டமேற்படிப்பு வழங்கும் உயர்கல்வி நிறுவனமாக அது நிலைத்தது. கேள்விக்கும் விடைக்கும் இடையே ஓர் ஆண்டு. நம்மிடம் 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. அதன் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப்பருவக் கல்வியையும் உள்ளடக்கிய ஒரு துறை இருக்கிறது. முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கைநெறியைத் தமிழிலும் நடத்துகிறது. 1985 இல் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் வந்தது. தொண்ணூறுகளில் ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்து, மலையகத்துக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களைத் தந்தது. பேராசிரியர்கள் சோ. சந்திரசேகரன், சபா ஜெயராசா போன்றோர் கல்வியியலைத் தமிழில் எழுதி வந்தார்கள். ஆகவே ஏணியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் கீழ்ப் படிகளுக்கும் மேற்படிகளுக்கும் இடையில் தூரம் மிக அதிகம். பதினாறு வயதில் சாதாரண தரத்தோடு நின்ற தோட்டத்துப் பெண் சான்றிதழ் பெறலாம், டிப்ளோமா பெறலாம். அதற்கு மேலே ஏறினால் அவளுக்குச் சம்பளம் உயருமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பட்டம் பெற்றவள் பாடசாலை ஆசிரியையாகிவிடுவாள். அரச சம்பளம், ஓய்வூதியம். பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பி வர அவளுக்குப் பைத்தியமா? படிக்க வைத்தால் போய்விடுவார்கள், படிக்க வைக்காவிட்டால் பிள்ளைகள் பின்தங்குவார்கள். தோட்ட நிருவாகங்கள் நெடுங்காலமாக இரண்டாவதைத் தெரிந்தெடுத்து வந்திருக்கின்றன.

இந்த இடைவெளியில் கடை விரித்தவர்களும் உண்டு. நகரத்துப் பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆறே மாதத்தில் மொண்டிசோரி டிப்ளோமா' என்ற சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து என் உறவுக்காரப் பெண்ணொருத்தி, தாயின் காதுத் தோட்டை அடகுவைத்து அப்படியொரு வகுப்பில் சேர்ந்தாள். கடைசியில் பொன்னிறப் பட்டியிட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. விண்ணப்பிக்கப் போன இடத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். தோடு மீட்கப்படவில்லை. அவள் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

கடந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை போய்விட்டது. அத்திவாரக் கற்களுக்கிடையே கொய்யா முளைத்திருக்கிறது. சற்றுக் கீழே புதிய நிலையம். முன்பு நாற்பது குழந்தைகள் இருந்த தோட்டத்தில் இப்போது பதினொருவர்தான். இளம் தாய்மாரில் பலர் மலையில் இல்லை; கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகளை அம்மாயிகள் லயத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். மறுபடியும் பாட்டிமாரிடமே வந்து சேர்ந்திருக்கிறோம், ஒரு கூரையின் கீழ் அல்லாமல் தனித்தனிக் காம்பராக்களில்.

நிலையத்தில் இருந்த உத்தியோகத்தருக்கு முப்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலைப் பேருந்தில் கண்டிக்குப் போய் வகுப்பில் படிக்கிறார். தம் கைப்பட எழுதிய குறிப்புப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். எப்போது தவழ்ந்தது, எந்தச் சொல்லை முதலில் சொன்னது, எந்த நிறத்தைக் கண்டு சிரிக்கிறது என்று திகதியிட்டு எழுதியிருந்தார். இதை யாராவது கேட்டார்களா என்றேன்.

"யாரும் கேக்கல சேர். நிறை எவ்வளவு, ஊசி போட்டாச்சா, அதுக்கு மட்டுந்தான் கொப்பி தந்திருக்காங்க. இது நானா எழுதுறது."

"படிப்பு முடிந்த பிறகு இங்கேயே இருப்பீர்களா, தங்கச்சி?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அசைந்தது. எழுந்து போய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். "அது அவங்க என்ன தருவாங்கங்கறதப் பொறுத்தது சேர்" என்றார். "லயத்துல இன்னமும் என்னைய ஆயான்னுதான் கூப்புடுறாங்க."